புகை வந்தாலே பம்ப் டைமிங்தானா? மலையகத்துப் பழைய டீசல் வண்டிகளுக்கு ஒரு விளக்கம்

நுவரெலியாவில் தை மாதத்துக் காலை. புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது. இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய டீசல் கார் ஒன்று நான்கைந்து தரம் முக்கிய பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது. பின்னால் வெண்புகை, கண்ணை எரிக்கும் பச்சை டீசல் வாடையோடு. எஞ்சின் சூடேறியதும் அது நின்றுவிடுகிறது. பகலில் அதே கார் ஆளும் மூட்டையுமாக றம்பொடை வளைவுகளில் ஏறும்போது கரும்புகை தள்ளுகிறது. கராஜில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பம்ப் டைமிங் போயிருக்கு. கொஞ்சம் திருப்பிவிட்டா சரி."

காலையில் வந்தது ஒரு புகை, பகலில் வந்தது வேறு புகை. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் இருக்க முடியாது. டைமிங் என்பது, டீசல் பம்ப் எந்த நேரத்தில் எஞ்சினுக்குள் டீசலை அனுப்புகிறது என்று சொல்லும் ஓர் அளவு. கம்பனிக் கையேட்டில் மில்லிமீற்றரில் எழுதியிருக்கிறது. அது மாறியிருந்தால், மாறியதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடாமல் பம்பைத் திருப்பினால் ஒரு பழுதின் மேல் இன்னொரு பழுது ஏறும்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வண்டி இன்னும் பலருக்கு எட்டாத உயரம். அதனால் டீசல் கொரோலா, டொல்பின் வேன், லைட் ஏஸ், டெலிக்கா என்று 80களிலும் 90களிலும் செய்த வண்டிகளே ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இன்னும் பிழைப்பைத் தாங்கி ஓடுகின்றன. வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். சோதனைக்கு முதல் நாள் அவசரமாகப் பம்பைத் திருப்பும் வழக்கம் அதனால்தான் வந்தது.

டைமிங் என்றால் என்ன

பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது இல்லை. பிஸ்டன் காற்றை இருபது மடங்குக்கும் மேல் நசுக்குகிறது. நசுங்கிய காற்று சில நூறு பாகை செல்சியஸ் வரை சூடாகிறது. அந்தச் சூட்டுக்குள் நொசில் டீசலைப் பீய்ச்சும்போது அது தானாகப் பற்றுகிறது. ஆகவே, டீசல் எஞ்சினில் எப்போது பீய்ச்சுகிறோமோ அதுவே எப்போது எரியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆனால் பீய்ச்சிய உடனே பற்றாது. துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலந்து தீப்பிடிக்கச் சிறு நேரம் எடுக்கும். ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் எஞ்சினின் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு), அந்த ஒரு மில்லிசெக்கனில் கிட்டத்தட்ட 5 பாகை திரும்பிவிடும். 3000 சுற்றில் 18 பாகை. பிஸ்டன் மேலே உச்சத்துக்கு வந்து சற்றுக் கீழே இறங்கத் தொடங்கும் நேரத்தில் எரிதல் வலுவாக இருக்க வேண்டும் என்றால், உச்சத்துக்கு முன்னாலேயே டீசல் போயிருக்க வேண்டும். வேகம் கூடக் கூட இன்னும் முன்னால் போக வேண்டும். இந்த முன்பின் கணக்குக்குத்தான் டைமிங் என்று பெயர். பிஸ்டன் மேல் உச்சத்தில் நிற்கும் இடத்தைக் கராஜில் டி.டி.சி. என்பார்கள், இனி அந்தப் பெயரிலேயே சொல்கிறேன்.

பம்புக்குள் நடப்பது

மேலே சொன்ன வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் வி.இ. வகைப் பம்ப். பொஷ் நிறுவனத்தின் வடிவமைப்பு. ஜப்பானில் டென்சோவும் டீசல் கிக்கியும் உரிமம் பெற்றுச் செய்தவை. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து உள்ளே ஒரே ஒரு பிளஞ்சர்தான், அதாவது டீசலைத் தள்ளும் தண்டு. அது சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் போய்வரும். பின்பக்கம் உள்ள கேம் தட்டு, உருளைகளின் மேல் ஏறும்போதெல்லாம் பிளஞ்சர் முன்னால் தள்ளப்பட்டு ஒரு சிலிண்டருக்கு டீசல் போகும்.

இரண்டு விஷயம் இங்கே முக்கியம்.

1. பம்ப் சுற்றுவது கிராங்கின் பாதி வேகத்தில். பம்பில் 1 பாகை மாற்றினால் கிராங்கில் அது 2 பாகை. பம்பைத் திருப்புவதற்கென்று அதன் முகப்பில் விட்ட நீள்துளைகள் மையத்திலிருந்து 50 மில்லிமீற்றர் தள்ளி இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், அந்த இடத்தில் 1 மில்லிமீற்றர் நகர்த்துவது கிராங்கில் 2 பாகைக்கும் மேல். "ஒரு நூல் அளவு திருப்பினேன்" என்று சொல்வது சின்னக் காரியம் போலக் கேட்கிறது. எஞ்சினுக்கு அது சின்னது அல்ல.

2. வேகத்துக்கு ஏற்றபடி டைமிங்கை முந்தவைக்கும் ஏற்பாடு பம்புக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே உள்ள சிறு இறக்கைப் பம்ப் (கராஜில் வேன் பம்ப் என்பார்கள்), வேகம் கூடும்போது உள்ளழுத்தத்தைக் கூட்டும். அந்த அழுத்தம் ஒரு சிறு பிஸ்டனைத் தள்ளும். அது உருளைகள் பொருத்திய வளையத்தைத் திருப்பும். ஆக, நாம் வெளியே வைப்பது ஆரம்ப டைமிங் மட்டும்தான்.

இந்தப் பம்புக்குத் தனி எண்ணெய் கிடையாது; டீசலே அதற்கு எண்ணெய். 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்க்கு விற்றபோது டீசலோடு கலந்து ஓட்டியவர்கள் உண்டு. மண்ணெண்ணெய்க்கு வழவழப்புக் குறைவு. அதை நிறையக் குடித்த பம்பின் இறக்கைகளும் பிளஞ்சரும் தேய்ந்திருக்க இடமுண்டு. இது பின்னால் வரும் ஒரு விஷயத்துக்கு அவசியம்.

முந்தினால், பிந்தினால்

டைமிங் அளவுக்கு மீறி முந்தினால் டீசல் நிறையச் சேர்ந்து ஒரேயடியாகப் பற்றும். ஐடிலிலேயே சுத்தியலால் அடிப்பது போல டக் டக் என்ற கடும் சத்தம் வரும். அந்த அடியைத் தாங்குவது பிஸ்டனும் பெயரிங்கும் ஹெட் கெஸ்கட்டும். புகை குறையும், இழுவையும் கொஞ்சம் கூடியது போலத் தோன்றும். "சரிவந்துவிட்டது" என்று பலரும் நம்புவது இதனால்தான்.

பிந்தினால் சத்தம் மெதுவாகும், கேட்கச் சுகமாகக்கூட இருக்கும். ஆனால் எரிதல் இழுபட்டு, சூடு சைலன்சர் வழியே போகும். இழுவை குறையும், டீசல் அதிகம் செலவாகும், குளிரில் வெண்புகை வரும், ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்காத வண்டியில் இந்த மேலதிகச் சூடு நேராகக் கொதிப்பில் போய் முடியும்.

உயரம் செய்யும் வேலை

மலையகத்து வண்டிகளை விளங்கிக்கொள்ள இதுதான் திறவுகோல். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 100 என்றால், 500 மீற்றர் உயரத்தில் உள்ள கண்டியில் ஏறத்தாழ 94. ஹட்டனில் 86. 1868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் 80. கொழும்பிலிருந்து புறப்பட்ட கார் அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக நுவரெலியா சேரும்போது, எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் ஐந்தில் ஒரு பங்கு காற்றை இழந்திருக்கும்.

டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத பழைய எஞ்சினில், உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கும் கருவி பெரும்பாலும் இருக்காது. காலால் மிதித்த அளவுக்கு டீசல் அப்படியே போகும். கீழே முழு மிதியில் 1 கிராம் டீசலுக்கு 20 கிராம் காற்று கிடைத்தது என்றால் மேலே கிடைப்பது 16 கிராம்தான். முழுதாக எரிய ஆகக் குறைந்தது 14.5 கிராம் வேண்டும். அதுவும் சீராகக் கலந்தால். டீசல் எஞ்சினில் அவ்வளவு சீராக ஒருபோதும் கலப்பதில்லை. மிச்சப்படும் கரிதான் ஏற்றத்தில் பின்னால் வரும் கரும்புகை. இதற்கும் டைமிங்குக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எயார் ஃபில்டர் அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கியரைக் குறைத்து மிதியையும் குறைத்தால் புகை உடனே குறைவதை ஓட்டுபவரே கண்ணாடியில் பார்க்கலாம்.

வெண்புகையின் கதை வேறு. உள்ளே போகும் காற்று குறைந்தால் நசுங்கிய காற்றின் அழுத்தமும் குறையும். அதோடு காலைக் குளிரும் சேர்ந்தால் சூடும் குறையும். டீசல் பற்றிக்கொள்ள எடுக்கும் நேரம் நீளும், சில துளிகள் பற்றாமலே வெளியேறும். ஆரம்ப டைமிங் லேசாகப் பிந்திய வண்டி கண்டியில் எந்தக் குறையும் காட்டாமல் ஓடிவிட்டு, நானுஓயாவில் ஓர் இரவு நின்று காலையில் வெண்புகை கக்கும். அந்த இடத்தில் டைமிங்கைச் சந்தேகிப்பது நியாயம். ஆனாலும் முதல் சந்தேகம், குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் மேல்தான் இருக்க வேண்டும்.

உயரத்தில் இருப்பதால் டைமிங்கை முந்தவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கையேட்டில் ஓர் எல்லை கொடுத்திருப்பார்கள், இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று. மேலேயே ஓடும் வண்டிக்கு அந்த எல்லைக்குள் முந்திய ஓரத்தில் வைப்பதில் தவறில்லை. எல்லையைத் தாண்டக் கூடாது. நுவரெலியாவில் காதுக்கு இதமாக வைத்த டைமிங், வண்டி கொழும்புக்கு இறங்கிக் காற்று அடர்ந்ததும் தன் வேலையைக் காட்டும்.

டைமிங் தானாக நகருமா

பம்பை எஞ்சினோடு பிடித்திருப்பது இறுக்கிய நட்டுகள். அவை தளராமல் பம்ப் திரும்பாது. அப்படியென்றால் டைமிங் மாறும் வழிகள் சில மட்டுமே.

டைமிங் பெல்ட் நீண்டு தளர்ந்தால் கொஞ்சம் பிந்தும். 1சி, 2சி, 2எல், 3எல் போன்ற டொயோட்டா டீசல் எஞ்சின்கள் பெல்ட்டில் ஓடுபவை. பெல்ட்டின் வயது தெரியாத வண்டியில் டைமிங் பார்ப்பதே வீண் வேலை. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

பெல்ட் ஒரு பல் தாண்டினால் மாற்றம் பெரிது. 40 பல் உள்ள பம்ப் சக்கரத்தில் ஒரு பல் என்பது 9 பாகை, கிராங்கில் 18. நீள்துளையின் கடைசி வரை திருப்பியும் போதவில்லை என்றால், பம்பை மேலும் திருப்பப் பார்க்காமல் பெல்ட் மூடியைக் கழற்றிக் குறிகளைப் பாருங்கள்.

மூன்றாவது வழி, யாரோ முன்பு திருப்பியிருப்பது. பழைய வண்டிகளில் இதுதான் சாதாரணம். பம்ப் முகப்பிலும் எஞ்சின் தட்டிலும் ஒரே கோட்டில் ஒரு கீறல் இருக்கும். அந்தக் கீறல்கள் விலகி, பக்கத்தில் உளியால் போட்ட புதுக் கீறல் தெரிந்தால் வண்டியின் சரித்திரம் தெரிந்துவிடும்.

நான்காவது ஒன்று இருக்கிறது. ஆட்களை ஏமாற்றுவது இதுதான். பம்புக்குள் இருக்கும் வேன் பம்ப் தேய்ந்து உள்ளழுத்தம் குறைந்தால், வேகத்தில் முந்தவைக்கும் ஏற்பாடு வேலை செய்யாது. நிறுத்திவைத்து அளந்தால் டைமிங் சரியாக இருக்கும், ஓடும்போது பிந்தும். இதை ஈடுகட்டப் பம்பைத் திருப்பினால் ஐடிலில் அடிக்கத் தொடங்கும். மண்ணெண்ணெய் குடித்த பம்ப் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். இதற்கு வழி பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்ச் (பம்பை ஓட்டிச் சோதிக்கும் மேசை) உள்ள இடத்துக்கு அனுப்புவதுதான். செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் அடி வாங்கி ஹெட்டைக் கழற்றும் நிலைக்குப் போகாமல் தப்பலாம்.

பம்பைத் தொடும் முன்

1. எயார் ஃபில்டர், டீசல் ஃபில்டர். தேயிலை மலைப் பாதையின் புழுதியில் எயார் ஃபில்டருக்கு ஆயுள் குறைவு.

2. ஹீட்டர் பிளக் நான்கும் சூடாகின்றனவா. ஒன்று செத்தாலும் காலையில் வெண்புகையும் ஒரு சிலிண்டர் விடுபட்ட நடுக்கமும் வரும்.

3. டீசல் வரும் குழாய்களில் காற்று இழுக்கிறதா. இரவு நின்றபின் ஸ்டார்ட் ஆக மறுத்து, ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை நாலு தரம் அமுக்கியதும் ஸ்டார்ட் ஆனால், குற்றவாளி காற்றுதான்.

4. நொசில் சோதனை. ஒழுகும் நொசில் ஒன்றே போதும், கரும்புகைக்கும் முந்திய டைமிங் போன்ற சத்தத்துக்கும்.

5. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் நசுங்கும் காற்றின் அழுத்தம். இங்கே ஒரு கவனம் வேண்டும். கையேட்டு எண் கடல் மட்டக் கணக்கு. கீழே 30 பார் காட்டும் நல்ல எஞ்சின் நுவரெலியாவில் 24 அளவில்தான் காட்டும். அதைப் பார்த்து எஞ்சின் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

அளந்து வைப்பது எப்படி

இதற்கு வேண்டியது டயல் கேஜும் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி), அதைப் பம்பின் தலையில் திருகப் பொருத்தமான அடாப்டரும். பம்பின் பின்பக்கம் நான்கு உயரழுத்தக் குழாய்கள் வட்டமாக நிற்கும். நடுவில் ஒரு சின்ன போல்ட் இருக்கும். அந்த ஓட்டை வழியே பிளஞ்சரின் தலையைத் தொட முடியும். டி.டி.சி.யில் பிளஞ்சர் எத்தனை மில்லிமீற்றர் முன்னால் வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் மொத்த வித்தையும். அந்த எண் பல எஞ்சின்களில் 1 மில்லிமீற்றரை ஒட்டியே இருக்கும், ஆனால் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சிலவற்றில் அளப்பது டி.டி.சி.யில் அல்ல, அதைத் தாண்டிச் சில பாகையில். உங்கள் எஞ்சினின் எண் கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

1. சமதரையில் நிறுத்துங்கள். சமதரை கிடைக்காவிட்டால் நான்கு சில்லுக்கும் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கும் என்பதால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. பட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

2. முதலாம் சிலிண்டரை கம்ப்ரெஷன் டி.டி.சி.க்கு (காற்றை நசுக்கி முடிக்கும் உச்சத்துக்கு) கொண்டுவந்து கிராங்க், கேம், பம்ப் மூன்றின் குறிகளும் பெல்ட் இறுக்கமும் சரியா என்று பாருங்கள். சரியில்லை என்றால் அதைத் திருத்தும் வரை மேலே போக வேண்டாம்.

3. பம்பின் தலையையும் குழாய் நட்டுகளையும் டீசலால் கழுவித் துடைத்துவிட்டுக் குழாய்களைக் கழற்றுங்கள். திறந்த வாய்களை மூடிவையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் பிளஞ்சருக்கு ஆபத்து.

4. குளிர் ஸ்டார்ட் ஏற்பாட்டை விடுவியுங்கள். பல பம்புகளின் பக்கத்தில், எஞ்சின் குளிராக இருக்கும்போது டைமிங்கை முந்தவைக்கும் ஒரு நெம்பு உண்டு. டொயோட்டாவில் தண்ணீர்க் குழாய் போகும் மெழுகுக் கட்டை அதை இயக்கும். குளிர்ந்த எஞ்சினில் அதை இழுத்து இடையில் ஒரு இரும்புத் துண்டை வைக்காமல் அளந்தால் காட்டும் எண்ணே பொய். இங்கே காலையில் எல்லா எஞ்சினும் குளிர்தான். மலையகத்தில் இந்தப் படியை விடவே கூடாது.

5. நடு போல்ட்டைக் கழற்றுங்கள். கொஞ்சம் டீசல் வழியும். டயல் கேஜைத் திருகி, முள் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நகரும் அளவுக்கு உள்ளே அழுத்தி நிறுத்துங்கள்.

6. கிராங்க் போல்ட்டில் ராட்செட் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றுங்கள். டி.டி.சி.க்கு 30 பாகை அளவு முன்னால் முள் அசையாமல் நிற்கும் ஓர் இடம் வரும். கிராங்க் திரும்பும், முள் திரும்பாது. அதுவே பிளஞ்சர் அடியில் இருக்கும் நிலை. டயலைப் பூச்சியத்துக்கு வையுங்கள்.

7. இனி டி.டி.சி. குறிக்கு மெல்ல வாருங்கள். முள் முதலில் தயங்கி, பிறகு வேகமாக ஏறும். கடைசிப் பாகைகளில் கை சற்று அதிகம் போனாலே எண் தாவிவிடும். குறியைத் தாண்டிவிட்டால் பின்னால் இழுக்காதீர்கள். இன்னும் இரண்டு சுற்று சுற்றி வாருங்கள். பெல்ட்டின் தளர்வு ஒரே பக்கம் இருந்தால்தான் எண் உண்மை பேசும்.

8. எண் குறைவாக இருந்தால் டைமிங் பிந்தியிருக்கிறது, கூடவாக இருந்தால் முந்தியிருக்கிறது. நட்டுகளைத் தளர்த்தி, பம்பின் தண்டு சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். முள்ளைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள்.

9. நட்டுகளை மாறி மாறிச் சீராக இறுக்குங்கள். இறுக்கும்போதே முள் கொஞ்சம் ஓடும், பயப்பட வேண்டாம். இரண்டு சுற்று சுற்றி மறுபடி அளவு பாருங்கள். சரி என்று தெரியும் வரை இதைத் திருப்பிச் செய்வதில் வெட்கமில்லை.

நடு போல்ட்டுக்குப் புது செம்பு வொஷர், குழாய்கள் அதனதன் இடம், இரும்புத் துண்டை எடுத்துவிடுதல், அப்புறம் காற்று நீக்குதல். கைப்பம்பை அமுக்கி, நொசில் பக்க நட்டுகளைத் தளர்த்தி, பட்டரி வயரைப் பூட்டிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். டீசல் வந்ததும் இறுக்குங்கள். நொசில் பீய்ச்சும் அழுத்தம் 100 பாருக்கும் மேல். ஒழுகுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நடந்தால் காயம் ஊசி குத்திய அளவே தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காதால் வைக்கும் பாஸ்மார்

பல வருட அனுபவமுள்ள பாஸ் (மெக்கானிக்) ஒருவர் சத்தத்தைக் கேட்டே கிட்டத்தட்டச் சரியான இடத்தில் வைத்துவிடுவார். அந்தக் காது மதிக்க வேண்டிய காது. ஆனால் காது கேட்பது அன்றைய சத்தத்தைத்தான். ஒழுகும் நொசிலும் முந்திய டைமிங்கும் ஒரே மாதிரி அடிக்கும். குளிர்ந்த எஞ்சினும் சூடான எஞ்சினும் வெவ்வேறு விதமாகப் பேசும். கராஜ் இருக்கும் உயரம் வேறு, வண்டி ஓடும் உயரம் வேறு. டயல் கேஜ் இந்த எதையும் கேட்பதில்லை. கொழுந்து லொறி ஓட்டுபவராக இருந்தாலும் பாடசாலை வேன் ஓட்டுபவராக இருந்தாலும், "கேஜ் போட்டுப் பார்த்தீங்களா, எத்தனை இருந்துச்சு?" என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

பொருந்தாத வண்டிகள்

பெரிய லொறிகளில் பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்புக்கு அளக்கும் முறை வேறு. கேடிஎச் வேன் போன்ற கொமன் ரெயில் வண்டிகளில் டீசல் பீய்ச்சும் நேரத்தைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அங்கே பம்பைத் திருப்பி டைமிங் வைப்பது என்ற பேச்சே இல்லை.

வைத்த பிறகு

மறுநாள் காலை எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து வெண்புகை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பாருங்கள். பிறகு எப்போதும் ஏறும் அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே சுமையோடு ஏறுங்கள். சூடு காட்டும் முள் முன்பைவிட உயர்கிறதா என்று கவனியுங்கள். புகைப் பரிசோதனைக்காக யாரேனும் பம்பின் டீசல் ஸ்க்ரூவையும் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) தொட்டுக் குறைத்திருந்தால் அதை இந்த ஏற்றமே சொல்லிவிடும்: புகை இருக்காது, வண்டியும் ஏறாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. அளந்த எண், திகதி, கிலோமீற்றர், அளந்த ஊர் நான்கையும் ஒரு துண்டில் எழுதி பொனட்டின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை யாராவது டைமிங் போயிருக்கிறது என்று சொன்னால், எத்தனையிலிருந்து எத்தனைக்குப் போயிருக்கிறது என்று அந்தத் துண்டைப் பார்த்தே கேட்கலாம்.